ஃபேட்டி லிவர்: ‘கிரேடு’ எத்தனை என்பதைவிட முக்கியமான கேள்வி... பதில் உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டிலேயே இருக்கலாம்!

மாஸ்டர் ஹெல்த் செக்-அப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களை மட்டும் தேடுவோம். கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூட, வைட்டமின் டி கம்மி, வயிற்று ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’. “அது இப்போ எல்லாருக்கும் இருக்கு சார். எண்ணெயைக் குறைங்க, வாக்கிங் போங்க” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும்.

‘எல்லாருக்கும் இருக்கு’ என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தியாவில் வெளியான ஆய்வுகளைத் திரட்டி தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட கணக்குப்படி, வயதுவந்தவர்களில் 100-க்கு சுமார் 38 பேருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரலால் உயிராபத்து வரப்போவதில்லை. சொல்லப்போனால், கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களை அதிகம் பலிவாங்குவது இதயநோய்தான்.

ஆனால், ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் கதை வேறு மாதிரி போகிறது. கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, தழும்பு முற்றிக் கல்லீரல் சுருங்கிப் போகிறது. அந்தச் சிலர் யார் என்பதுதான் கேள்வி. ஸ்கேனில் போட்டிருக்கும் கிரேடு அதைச் சொல்லாது. எஸ்.ஜி.பி.டி. மட்டும் பார்த்தாலும் தெரியாது. அதே ரிப்போர்ட்டில் உள்ள வேறு சில எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

கொழுப்பு வேறு, தழும்பு வேறு

கையில் வெட்டுக்காயம் பட்டால் ஆறியபின் தழும்பு நிற்கிறது அல்லவா? கல்லீரலிலும் அப்படித்தான். கொழுப்போ, மதுவோ, மஞ்சள் காமாலை பி, சி வைரஸோ வருடக்கணக்கில் சேதம் செய்துகொண்டே இருந்தால், சேதமான இடங்களில் நார்த்திசு படியும். மருத்துவர்கள் இதை ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். எஃப் 0 முதல் எஃப் 4 வரை இதற்குப் படிநிலைகள் உண்டு. எஃப் 4 என்றால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்க நோய்.

சிக்கல் என்னவென்றால், இந்த முழுப் பயணத்திலும் கல்லீரல் வாயே திறக்காது. வலி இருக்காது, பசி குறையாது, காமாலை வராது. வயிற்றில் நீர் கோத்தபிறகோ, ரத்த வாந்தி எடுத்தபிறகோ மருத்துவமனைக்கு வந்து “நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்தார்” என்று சொல்லும் குடும்பங்கள் ஏராளம். எஃப் 2, எஃப் 3 கட்டத்திலேயே கண்டுபிடித்தால் தழும்பைக் குறைக்கவும் முடியும். அதனால்தான் தழும்பைத் தேட வேண்டியிருக்கிறது.

சரி, ஸ்கேனில் போடும் கிரேடு? அல்ட்ரா சவுண்டில் கல்லீரல் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்பதைப் பக்கத்தில் இருக்கும் சிறுநீரகத்தோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான் அது. கொழுப்பின் அளவு பற்றிய ஒரு கண்மதிப்பு, அவ்வளவே. கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம். கிரேடு 1 உள்ளவருக்கு எஃப் 3 இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாதது. தழும்பு முற்றி சிரோசிஸ் ஆகும்போது கல்லீரலில் இருந்த கொழுப்பு குறைந்து மறைந்தே போகலாம். ஐந்து வருடத்துக்கு முன் கிரேடு 2, இப்போது கொழுப்பே இல்லை என்றால், எடையும் சர்க்கரையும் உண்மையிலேயே குறைந்திருக்கும்பட்சத்தில் சந்தோஷப்படலாம். எதுவுமே மாறாமல் கொழுப்பு மட்டும் காணாமல் போயிருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

எஸ்.ஜி.பி.டி. நார்மல்னா ஓகேவா?

‘லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்’ என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுப் பெயர். கல்லீரலின் வேலைத்திறனைச் சோதிப்பதாகத் தோன்றும். ஆனால், அதில் எல்லோரும் முதலில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் வேலைத்திறனை அளப்பவையே அல்ல. இவை செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். செல் சேதமானால் ரத்தத்தில் கசியும். தண்ணீர்த் தொட்டியில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. தொட்டி எத்தனை வருடமாக உறுதியிழந்து வருகிறது என்பது அதில் தெரியாது.

எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலுக்கு மட்டுமே உரியதும் அல்ல. தசையிலும் இதயத்திலும் உண்டு. 1950-களில் இது முதன்முதலில் மருத்துவ உலகில் பிரபலமானதே மாரடைப்பைக் கண்டுபிடிக்கத்தான். முதல்நாள் ஜிம்மில் கடுமையாக எடை தூக்கிவிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தால் எஸ்.ஜி.ஓ.டி. எகிறி நிற்கும். எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலிலிருந்தே வருகிறது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் மருத்துவர் மதுப்பழக்கம் பற்றி விசாரிப்பார். ஜி.ஜி.டி.யும் சேர்ந்து ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால், சில வலிப்பு மாத்திரைகளும் ஜி.ஜி.டி.யை ஏற்றும் என்பதால், அதை மட்டும் வைத்து யாரையும் குடிகாரர் ஆக்கிவிட முடியாது.

உண்மையில் வேலைத்திறனைச் சொல்பவை மூன்று: அல்புமின், பிலிரூபின், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அல்புமினைத் தயாரிப்பது கல்லீரல். அது 3.5 கிராமுக்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும். ஆனால், இந்த மூன்றும் கெடுவதற்குள் கல்லீரல் நிறைய இழந்திருக்கும்.

ஆக, நொதிகள் இன்றைய சேதத்தைச் சொல்கின்றன. அல்புமின் கடைசி கட்டத்தைச் சொல்கிறது. நடுவில் இருக்கும் தழும்பை இரண்டுமே தனியாகச் சொல்வதில்லை. சிரோசிஸ் உள்ளவருக்கே எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருப்பது அபூர்வமல்ல. கசிவதற்கு நல்ல செல்கள் குறைந்துபோவதும் அதற்கு ஒரு காரணம்.

கீழாநெல்லிச் சாறோ, கடையில் விற்கும் லிவர் டானிக்கோ குடித்து எஸ்.ஜி.பி.டி. 80-லிருந்து 40-க்கு வந்ததும் ‘குணமாயிடுச்சு’ என்று முடிவு கட்டுபவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. நொதி தானாகவே ஏறி இறங்கும். தழும்பு இருந்த இடத்திலேயே இருக்கும். சில மூலிகைத் தயாரிப்புகளே கல்லீரலைப் பாதித்த சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

நான்கு எண்கள், ஒரு கணக்கு

இதற்குத்தான் ‘ஃபிப்-4’ என்ற கணக்கு. 2006-ல் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்திருந்த நோயாளிகளின் தரவுகளை வைத்து உருவாக்கப்பட்டது. இன்று கொழுப்புக் கல்லீரலுக்கு உலகம் முழுவதும் முதல்கட்ட வடிகட்டியாகப் பயன்படுகிறது. தேவைப்படுபவை நான்கே: வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட். புதிதாக எந்த டெஸ்ட்டும் எடுக்க வேண்டாம்.

கணக்கு இப்படி: வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். அது மேலே. பிளேட்லெட் எண்ணிக்கையை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். அது கீழே. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் ஃபிப்-4.

ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. நம்மூர் லேப்களில் பிளேட்லெட்டை ‘2.4 லட்சம்’ என்று போடுவார்கள். கணக்கில் அதை ஆயிரங்களாக, 240 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 2.4 என்றே போட்டால் விடை நூறு மடங்கு கூடி வரும், பயந்துபோவீர்கள்.

உதாரணத்துக்கு, 48 வயதுக்காரர். எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 49, பிளேட்லெட் 2.4 லட்சம். மேலே 48 பெருக்கல் 38, அதாவது 1,824. கீழே 240 பெருக்கல் 7, அதாவது 1,680. விடை 1.09. இவருடைய எஸ்.ஜி.பி.டி. லேப் வரம்பைத் தாண்டியிருக்கும், தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். ஆனால், முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு.

இப்போது இன்னொருவர். வயது 61. எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 1.5 லட்சம். எதுவுமே தடித்த எழுத்தில் இல்லை. எல்லாம் வரம்பின் விளிம்புக்குள். கணக்குப் போட்டால் 2,440 வகுத்தல் 900. விடை 2.71!

பொதுவாக 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம், கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இடையில் இருந்தால் அடுத்த பரிசோதனை தேவை. 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ்வரம்பை 1.3-க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் வயதே கணக்கை உயர்த்திவிடும்.

தட்டணுவுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்?

பிளேட்லெட் என்றதும் நமக்கு டெங்குதான் ஞாபகம் வரும். ஆனால், கல்லீரலில் தழும்பு கூடும்போது குடலிலிருந்து அதற்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடுகிறது. வழி அடைபட்ட ரத்தம் மண்ணீரலில் தேங்குகிறது. மண்ணீரல் வீங்கி, தட்டணுக்களைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனையும் பெருமளவு தயாரிப்பது கல்லீரல்தான், அதுவும் குறைகிறது. அதனால் பிளேட்லெட் வருடா வருடம் மெதுவாக இறங்கிக்கொண்டே வரும். 2.6 லட்சம், 2.1, 1.7, 1.5... ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தனித்தனியாக நார்மல்தான். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கணக்கு ஏமாற்றும் நேரங்கள்

காய்ச்சல் நேரத்தில் ஃபிப்-4 போடவே கூடாது. டெங்குவில் எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், பிளேட்லெட் இறங்கும். 40 வயதுக்காரருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 160, எஸ்.ஜி.பி.டி. 100, பிளேட்லெட் 60 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் விடை 10-ஐத் தாண்டும். அவருக்குக் கல்லீரலில் தழும்பு என்று அர்த்தமில்லை. உடம்பு முழுசாகத் தேறிச் சில வாரங்கள் கழித்து எடுத்த ரத்தத்தில்தான் கணக்குப் போட வேண்டும். வேறு காரணத்தால் தட்டணு குறைந்தவர்களுக்கும் இது பொருந்தாது.

35 வயதுக்குக் கீழ் இந்தக் கணக்கு நம்பகமாக வேலை செய்வதில்லை. இளவயதில் வயது என்ற எண்ணே சிறியதாக இருப்பதால், பிரச்சினை இருந்தாலும் விடை சின்னதாக வந்துவிடும். 28 வயதில் சர்க்கரையும் தொப்பையும் உள்ள ஐ.டி. ஊழியர் ‘எனக்கு 0.6 தான்’ என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

முக்கியமாக, ஃபிப்-4 நோயை உறுதிசெய்யும் பரிசோதனை அல்ல. ‘இவருக்கு இல்லை’ என்று கழித்துவிடுவதில்தான் அது கெட்டி. ‘இவருக்கு இருக்கிறது’ என்று சொல்வதில் அடிக்கடி தவறும். தழும்புக்குக் காரணம் கொழுப்பா, மதுவா, வைரஸா என்பதையும் சொல்லாது. அதனால் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறையாவது ரத்தம் பார்த்திருக்க வேண்டும்.

ஃபைப்ரோஸ்கேன்: கல்லீரலைத் தட்டிப் பார்ப்பது

கணக்கில் 1.3-ஐத் தாண்டியவர்களுக்கு அடுத்த கட்டம் ஃபைப்ரோஸ்கேன். பிரான்சில் உருவாகி 2003 முதல் புழக்கத்துக்கு வந்த கருவி. இளநீரையும் முற்றிய தேங்காயையும் தட்டிப் பார்த்துப் பிரிக்கிறார்களே, ஏறக்குறைய அந்தக் கதைதான். வலது விலா எலும்புகளுக்கு நடுவே கருவியின் முனையை வைத்து ஒரு சின்னத் தட்டு. அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அல்ட்ரா சவுண்ட் அளக்கிறது. மென்மையான கல்லீரலில் அதிர்வு மெதுவாகப் போகும், இறுகிய கல்லீரலில் வேகமாகப் போகும். மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்குமேல் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து முறை அளந்து நடுமதிப்பை எடுப்பார்கள். பத்து நிமிட வேலை. விரலால் சுண்டுவது போல இருக்கும்; வலி கிடையாது.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் வரும். 280, 310 என்று பெரிதாக இருப்பது கொழுப்பின் அளவு. அதைப் பார்த்து அதிர்ச்சியடைபவர்கள் அதிகம். உண்மையில் பார்க்க வேண்டியது கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கும் சின்ன எண்ணைத்தான். கொழுப்புக் கல்லீரலில் அது 8-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 12-க்கு மேல் என்றால் அதிகம். 8-க்கும் 12-க்கும் இடையே இருந்தால் மருத்துவர் வேறு பரிசோதனையும் கேட்கலாம். ஹெபடைடிஸ் பி-க்கு இந்த எல்லைகள் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 7-ஐத் தாண்டினாலே சிகிச்சையைத் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறது.

இந்தக் கருவியும் ஏமாறும். சாப்பிட்ட உடனே எடுத்தால் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி இறுக்கம் அதிகமாகக் காட்டும். குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறு தேவை. புதிதாக வந்த காமாலை, பித்தநாள அடைப்பு, இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கியிருக்கும் நிலை ஆகியவற்றிலும் எண் பொய்யாக ஏறும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு எடுக்கவே முடியாது. உடல் பருமனானவர்களுக்கு ‘எக்ஸ்.எல்.’ என்ற தனி முனை உண்டு. அது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போகலாம்.

சிரோசிஸ் உறுதியானவர்களுக்கு இதே எண் வேறு விதத்திலும் உதவுகிறது. உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று பார்க்க எண்டோஸ்கோப்பி செய்வது வழக்கம். இறுக்கம் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழே, பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு மேலே என்றால் அந்த எண்டோஸ்கோப்பியைத் தவிர்க்கலாம் என்பது சர்வதேச நிபுணர்களின் பரிந்துரை.

அப்போ ஊசி குத்தி எடுக்கும் பயாப்சி தேவையில்லையா?

முன்பு தழும்பைப் பார்க்க அது ஒன்றுதான் வழி. 1883-ல் ஜெர்மனியின் பால் எர்லிக் காலத்திலிருந்தே செய்யப்படுகிறது. ஊசியில் வருவது கல்லீரலின் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மூட்டை அரிசியில் நாலு மணி எடுத்துப் பார்ப்பது போலத்தான். தழும்பு எல்லா இடத்திலும் சமமாக இருக்காது என்பதால், எடுத்த இடத்தைப் பொறுத்து விடை மாறலாம். ஃபைப்ரோஸ்கேன் அளக்கும் பகுதி அதைவிடக் குறைந்தது நூறு மடங்கு பெரியது. தவிர, பயாப்சியில் வலி உண்டு, அபூர்வமாக ரத்தக்கசிவும் உண்டு.

ஆனாலும், பயாப்சி காலாவதி ஆகிவிடவில்லை. ரத்தக் கணக்கும் ஸ்கேனும் ஒன்றுக்கொன்று முரண்படும்போதும், உடலின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய் என்ற சந்தேகம் வரும்போதும் அதுதான் தீர்ப்புச் சொல்கிறது. எம்.ஆர்.ஐ. வழியாக இறுக்கத்தை அளக்கும் எலாஸ்டோகிராபி இன்னும் துல்லியமானது, செலவும் அதற்கேற்ப.

யாரெல்லாம் கணக்குப் போட வேண்டும்?

டைப் 2 சர்க்கரை நோய் உள்ள எல்லோரும். எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தாலும் ஃபிப்-4 பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கமே பரிந்துரைக்கிறது. ஸ்கேனில் கொழுப்பு தெரிந்தவர்கள், வழக்கமாக மது அருந்துபவர்கள், ரத்த அழுத்தமும் தொப்பையும் சேர்ந்து இருப்பவர்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டுவது நம் உடல்வாகுக்கு எச்சரிக்கை. ‘நான் குடிக்கிறதே இல்லையே’ என்பது இங்கே பாதுகாப்பு அல்ல. 2023-ல் இந்த நோயின் பெயரிலிருந்தே ‘மதுசாராத’ என்ற சொல்லை நீக்கிவிட்டு, வளர்சிதை மாற்றக் கோளாறோடு தொடர்புபடுத்திப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2021-லேயே கொழுப்புக் கல்லீரலைத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாகச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இவ்வளவு தூரம் வந்தபிறகு, லேப் ரிப்போர்ட்டில் ஒரு வரி கூடுதலாக அச்சடிக்க என்ன தடை என்று தெரியவில்லை. கிரியாட்டினின் பார்த்தால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைப் பல லேப்கள் தாமாகவே கணக்கிட்டுப் பக்கத்தில் போடுகின்றன. ஃபிப்-4 அதைவிட எளிய கணக்கு. ஒரு கம்ப்யூட்டர் வரி. அந்த 61 வயதுக்காரரின் ரிப்போர்ட்டில் 2.71 என்று தடித்த எழுத்தில் வந்திருந்தால் அது பீரோவுக்குள் போயிருக்காது.

தழும்பு தெரிந்தால் என்ன செய்வது?

எடைதான் முதல் மருந்து. 80 கிலோ இருப்பவர் 8 கிலோ, அதாவது 10 சதவீதம் குறைத்தால் தழும்பே பின்வாங்க வாய்ப்பிருக்கிறது. மதுவை அறவே விட வேண்டும். மருந்தே இல்லாதிருந்த இந்த நோய்க்கு ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரையை 2024 மார்ச்சில் அமெரிக்கா அங்கீகரித்தது. எஃப் 2, எஃப் 3 கட்டத்தில் இருப்பவர்களுக்கானது. அதைத் தொடங்க பயாப்சி கட்டாயம் இல்லை.

சிரோசிஸ் வரை போனவர்கள் கல்லீரல் புற்றுநோய் எட்டிப்பார்க்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ரா சவுண்டும், பெரும்பாலும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் எடுக்க வேண்டும். மற்றபடி, ஃபிப்-4 குறைவாக வந்தவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறையும், மற்றவர்கள் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் போதும். ஃபைப்ரோஸ்கேன் மறுபடி எடுப்பதாக இருந்தால், முடிந்தவரை அதே இடத்தில், அதே முனையில், வெறும் வயிற்றில் எடுங்கள். 9.1 என்பது 8.4 ஆனதற்கு மருந்தும் காரணமாக இருக்கலாம். போன தடவை காலை டிபன் சாப்பிட்டுவிட்டுப் போனதும் காரணமாக இருக்கலாம்.